சோடா வரி யாருக்குப் பாரம்?

கேள்வி: நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பத்தாம் வகுப்பு விவாதத்துக்கு, 'சோடாவுக்கும் நொறுக்குத் தீனிக்கும் வரி போடுவது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம்' என்று தலைப்புக் கொடுத்தேன். எதிர்த்துப் பேச ஒருவரும் முன்வரவில்லை. "துரைக்கும் அதே வரி, எங்க அம்மாவுக்கும் அதே வரியா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அவள் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் கிளினிக்கில் சீனி வருத்தக்காரர்களின் வரிசையைப் பார்த்தால் வரி வேண்டும் என்றும் தோன்றுகிறது. எது நியாயம்?
— ஓர் ஆசிரியை, நோட்டன் பிரிட்ஜ்

பதில்: டீச்சர், பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பவர்கள் ஒரு தவணை முழுக்க மல்லுக்கட்டும் கேள்வியை உங்கள் மாணவி ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள். அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆனால் எதிரணிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் பேச நிறைய இருக்கிறது. முதலில் அவளுடைய கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கான சீனி வரி 2017 நவம்பரில் வந்தது. அப்போது நிதி அமைச்சராக இருந்த மங்கள சமரவீரவின் வரவு செலவுத் திட்டம், பானத்தில் உள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் என்று விதித்தது. 400 மில்லி லீற்றர் போத்தல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி லீற்றருக்கு 10 கிராம் என்றால் உள்ளே 40 கிராம் சீனி. வரி 20 ரூபாய். அந்த நாளில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2016 கூட்டு ஒப்பந்தப்படி எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து, 730 ரூபாய். ஆக, ஒரு போத்தல் வரி ஒரு நாள் உழைப்பில் ஏறத்தாழ 2.7 சதவீதம். மாதம் 1,20,000 ரூபாய் எடுக்கும் ஒருவருக்கு நாளுக்கு 4,000 விழுகிறது. அதே 20 ரூபாய் அவருக்கு அரை சதவீதம்தான்.

வருமானம் ஏற ஏற, அதில் வரியாகப் போகும் பங்கு இறங்கிக்கொண்டே வந்தால் அதைத் தேய்வுவீத வரி என்பார்கள். வருமான வரி இதற்கு நேர் எதிரானது. கூடச் சம்பாதிப்பவர் கூடிய வீதத்தில் கட்டுகிறார். கடைச் சாமான் மேல் விழும் வரிகள் பெரும்பாலும் தேய்வுவீத வரிகளே. எனவே கணக்கைப் பொறுத்தவரை உங்கள் மாணவி சொன்னது சரி. அதில் நான் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

தவறு அடுத்த படியில் இருக்கிறது. 'வரி ஏழையின் வருமானத்தில் கூடிய பங்கை எடுக்கிறது, ஆகவே அது ஏழைக்கு அநியாயம்' என்று தாண்டிவிடுகிறோம். இந்தத் தாவலுக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: விலை ஏறிய பிறகும் அந்த அம்மா முன்போலவே அதே போத்தலை, அதே எண்ணிக்கையில் வாங்குவார் என்பது. உண்மையில் சோடா விலை ஏறினால் முதலில் கையை இழுத்துக்கொள்பவர் அவர்தான். துரையின் பங்களாவில் குளிர்சாதனப் பெட்டிக்குள் போத்தல்கள் குறைவதில்லை.

விலை ஏறும்போது வாங்கும் அளவு எவ்வளவு குறைகிறது என்பதைக் கேள்வி நெகிழ்ச்சி என்று சொல்வார்கள். கொஞ்ச விலையேற்றத்துக்கே வாங்குவது கணிசமாகக் குறைந்தால் நெகிழ்ச்சி அதிகம். உப்பு, மருந்து போன்றவற்றுக்கு அது மிகக் குறைவு, சோடாவுக்கு அதிகம். ஏழைக் குடும்பங்களில் இன்னும் அதிகம்.

இதற்குத் தெளிவான சான்று மெக்சிகோ. 2014 ஜனவரியில் அந்த நாடு இனிப்புப் பானங்களுக்கு லீற்றருக்கு ஒரு பெசோ வரி போட்டது. விலையில் சுமார் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வருடத்தில் நாடு முழுவதும் அந்தப் பானங்களை வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. மிக ஏழைக் குடும்பங்களில் 9 சதவீதம் குறைந்தது. அதே வருடம் சிப்ஸ், கேக் போன்ற கலோரி கூடிய நொறுக்குத் தீனிக்கு 8 சதவீத வரியும் போட்டார்கள். அதிலும் இதே கதைதான்: ஏழைக் குடும்பங்கள் வாங்குவது ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது, வசதியானவர்களிடம் சொல்லும்படியான மாற்றமே இல்லை. அதாவது வசதியானவர் பழையபடி வாங்கி வரியைக் கட்டினார். ஏழை வாங்குவதைக் குறைத்து, வரியின் ஒரு பங்கைக் கட்டாமல் தவிர்த்தார். உடம்புக்குக் கிடைத்த நன்மையில் பெரும்பங்கும் அவருக்கே.

'ஆசைப்பட்டதைக் குடிக்க முடியாமல் போவதும் ஒரு இழப்புத்தானே?' என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அது இழப்புத்தான். நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்துவிட்டு இறங்கும் ஒருவர் கடை வாசலில் ஒரு சோடாவை உடைத்துக் குடிப்பதை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. அதனால்தான் நான் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பேன்: அந்த இழப்புக்கு எதிர்ப்பக்கத்தில் என்ன கிடைக்கிறது?

கிடைப்பதை அளக்க உங்கள் கிளினிக் வரிசைக்கே போவோம். இந்த நாட்டின் மரணங்களில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால் வருகின்றன. இருதய நோய், சீனி வருத்தம், புற்றுநோய் போன்றவை. அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் நோட்டனிலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளில் தோட்டத்தில் பேர் விழாது. பஸ் காசு வேறு. மாதச் சம்பளக்காரருக்குக் கிளினிக் நாள் ஒரு லீவு. நாட்சம்பளக்காரருக்கு அது முழுச் சம்பள இழப்பு. மேலே சொன்ன 2017 கணக்கிலேயே பாருங்கள்: 730 ரூபாய் என்பது முப்பத்தாறு போத்தல்களின் வரி. ஒரே ஒரு கிளினிக் நாளில் அது போய்விடுகிறது. சீனி வருத்தம் வந்தவருக்கு அந்த நாள் மாதா மாதம் வரும். சோடா வரியைத் தேய்வுவீத வரி என்று சொல்லும் நாம், நோயும் ஏழையிடமிருந்துதான் கூடிய பங்கை எடுக்கிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இதுவரை சொன்னது எதிரணிக்கு. அவர்கள் இத்தோடு எழுந்து கைதட்டு வாங்கிவிடக் கூடாது. லயத்துக்குள் போய்ப் பார்த்தால் கதை மாறுகிறது.

லயத்தில் சோடா அன்றாடப் பண்டம் அல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும், விருந்தாளி வந்தால் பிள்ளையைக் கடைக்கு ஓடவிட்டு வாங்குவதற்குமானது. தோட்டத்து உடம்புக்குள் போகும் சீனியில் பெரும்பங்கு போத்தலில் வருவதில்லை, தேத்தண்ணியில் வருகிறது. விடியற்காலைக் குளிரில் ஒன்று, மலைக்குப் போத்தலில் கொண்டுபோவது ஒன்று, இறங்கி வந்து ஒன்று. பால்மா விலை எட்டாத வீட்டில் வெறும் தேத்தண்ணிக்குச் சீனிதான் சத்து. கூடவே கோதுமை மா ரொட்டியும் சம்பலும். தோட்டப்புறக் குடும்பச் செலவில் ஏறத்தாழப் பாதி சாப்பாட்டுக்கே போகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணக்கில் நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8.

இங்கேதான் ஏழையின் மேல் உண்மையாகவே பாரம் ஏற்றும் வரி ஒன்று வருகிறது. விவாதங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது சோடா வரி அல்ல. இறக்குமதியாகும் சீனிக் கிலோவின் மேல் போடும் விசேட பண்ட வரி. துறைமுகத்தில் அறவிடப்படுவதால் அது கடைச் சிட்டையில் தெரியாது. 2023 நவம்பரில் அந்த வரி கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாய்க்கு ஏறியது. ஒரு லயத்துக் குடும்பம் மாதம் 4 கிலோ சீனி வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 200 ரூபாய், ஒவ்வொரு மாதமும். சோடாவை நிறுத்துவதுபோல இதை நிறுத்த முடியாது. சீனிக்கு நெகிழ்ச்சி குறைவு. வீட்டில் வேறு ஒன்றைக் குறைத்துத்தான் அந்த 200 ரூபாயைப் புரட்டுவார்கள். பெரும்பாலும் குறைவது பிள்ளையின் முட்டை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோடா வரியைத் தப்பிக்க வழி உண்டு: தண்ணீர் இருக்கிறது, தேத்தண்ணி இருக்கிறது. சீனி வரியைத் தப்பிக்க வழி இல்லை. ஒரு வரி ஏழைக்கு அநியாயமா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தச் சாமானை விட்டுவிட்டால் கடையில் அவர் கைக்கு எட்டும் விலையில் வேறு என்ன கிடைக்கும்? வீதக் கணக்கு அதற்குப் பிறகு.

'அப்படியானால் சீனி வரியை எடுத்துவிட்டால் ஏழைக்கு நிம்மதிதானே?' என்று கேட்பீர்கள். இதுதான் இரண்டாவது தவறான எண்ணம். அதை இந்த நாடு சோதித்தே பார்த்துவிட்டது. 2020 ஒக்டோபர் 13 அன்று சீனியின் விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்குக் குறைத்தார்கள். ஏறத்தாழ முழு வரியும் போய்விட்டது. கடையில் சீனி 50 ரூபாய் குறைந்ததா? வீட்டுக் கணக்குக் கொப்பி வைத்திருக்கும் எந்த அம்மாவையும் கேளுங்கள். அரசாங்கத்துக்கு சுமார் 1,590 கோடி ரூபாய் வருமானம் இல்லாமல் போனது. பாவனையாளருக்கு அந்தப் பலன் போய்ச் சேரவில்லை என்று பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவிலேயே பேசப்பட்டது. சில இறக்குமதியாளர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். வரி ஏறும்போது விலை அதே நாளில் ஏறுகிறது. வரி இறங்கும்போது அந்தப் பணம் நடுவில் நின்றுவிடுகிறது. விற்பவர்கள் ஒரு சிலராகவும் வாங்குபவர்கள் இலட்சக்கணக்கிலும் இருக்கும் சந்தையில் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். ஏழையின் பேரைச் சொல்லி வரியைக் குறைத்தால் அது ஏழைக்குத்தான் போகும் என்று நம்ப இடமில்லை. இந்த ஒரு உதாரணத்தை எதிரணித் தலைவரிடம் கொடுங்கள், போதும்.

வெளியே இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் பிழைத்தன. கேரளம் 2016 இல் பீட்சா, பர்கர் போன்றவற்றுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது, அதுவும் பெயர்பெற்ற நிறுவனங்களின் உணவகங்களில் மட்டும். ஏழையை அது தொடவே இல்லை. ஆனால் மக்கள் தினமும் தின்னும் பரோட்டாவையும் பொரித்த பண்டங்களையும் விட்டுவிட்டதால் மாநிலத்தின் உடல்நலத்தையும் அது பெரிதாகத் தொட்டிருக்க முடியாது. அடுத்த வருடம் சரக்கு சேவை வரி வந்தபோது அது அதற்குள் கரைந்துபோனது. டென்மார்க் 2011 இல் நிறைவுற்ற கொழுப்புக்கு, அதாவது வெண்ணெய், இறைச்சிக் கொழுப்பு போல அறைவெப்பத்தில் உறைந்து நிற்கும் வகைக்கு, வரி போட்டது. அது எல்லோருடைய அன்றாடச் சமையலிலும் விழுந்தது. சனங்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் சாமான் வாங்கினார்கள்; 2012 முடிவோடு வரியை எடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டம் இங்கே வந்தால் முதலில் அகப்படுவது தேங்காய். சம்பலுக்கு வரி போட்ட அரசாங்கம் என்ற பேர் யாருக்கும் வேண்டாம்.

நம் 2017 வரியின் நல்ல அம்சம், அது போத்தலுக்கு விழாமல் சீனி கிராமுக்கு விழுந்தது. கிராமுக்கு வரி என்றால் சீனியைக் குறைக்கும் கம்பனிக்கு வரியும் குறையும். பிரித்தானியா 2018 ஏப்ரலில் கொண்டுவந்த பான வரி இதைத்தான் செய்தது: 100 மில்லி லீற்றருக்கு 5 கிராமுக்குக் கீழே இறங்கினால் வரியே இல்லை என்றதும் பல கம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. குடிப்பவர் ஒரு சதம்கூட வரி கட்டாமல், பழக்கத்தையும் மாற்றாமல், உள்ளே போகும் சீனி குறைந்தது. ஏழைக்கு இதைவிட மென்மையான வழி கிடையாது. ஆனால் இங்கே அதற்குக் காலம் கொடுக்கவில்லை. 2018 கடைசியில் 50 சதத்தை 30 சதமாக இறக்கினார்கள், பிறகும் மாற்றினார்கள். அடிக்கடி ஆட்டப்படும் வரியைப் பார்த்து எந்தக் கம்பனியும் தன் கலவையை மாற்றாது. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்கும்.

வகுப்பில் ஒரு சோடாப் போத்தலை மேசையில் வைத்து அதன் நிற வட்டத்தைக் காட்டுங்கள். 2016 ஓகஸ்ட் முதல் அது கட்டாயம். 100 மில்லி லீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. நான் மேலே கணக்குப் போட்ட 40 கிராம் சீனிப் போத்தல் செம்மஞ்சளில்தான் வரும் என்பதையும் சொல்லுங்கள். செம்மஞ்சள் என்றால் பயமில்லை என்று நினைக்கும் பிள்ளைகள் எட்டு தேக்கரண்டி சீனியை எண்ணிப் போட்டுப் பார்க்கட்டும்.

இனி பிஸ்கட்டும் நூடில்ஸும். உங்கள் தலைப்பில் 'நொறுக்குத் தீனி' என்றும் இருக்கிறதே. இங்கே என் பதில் சோடாவுக்குச் சொன்னதுபோல இருக்காது. மலைக்குப் போகும் தாய் விடியற்காலையில் பிள்ளையின் பைக்குள் பிஸ்கட் பைக்கற்றை வைப்பது ஆசைக்காக அல்ல. சமைக்க நேரமில்லை, கடையில் கடனுக்குக் கிடைக்கிறது, கெட்டுப்போகாது. அதற்குப் பதிலாக அதே விலையில், அதே அவசரத்தில் என்ன வைப்பது? முட்டையா, அவித்த பயறா, யோகட்டா? அதற்கு விடை இல்லாத இடத்தில் பிஸ்கட்டுக்கு மட்டும் வரி போட்டால் பிள்ளையின் பையில் ஒன்றும் இருக்காது. 2016 இல் எடுத்த கணக்கின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைகளின் பையிலிருந்து எதையாவது எடுப்பதற்கு முன், அதற்குள் வேறு எதை வைக்கப்போகிறோம் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதனால் என் வரிசை இதுதான்: சோடாவுக்குக் கிராம் கணக்கில் வரி, அசைக்காமல், விலைவாசியோடு சேர்த்து ஏற்றியபடி. பிஸ்கட்டுக்கும் நூடில்ஸுக்கும் வரி என்றால், அதற்கு முன்பே முட்டையும் பாலும் பயறும் மலிய வேண்டும். 2025 ஏப்ரலில் உள்நாட்டுப் பாலில் செய்த திரவப் பாலையும் யோகட்டையும் 18 சதவீத வற் வரியிலிருந்து விலக்கியது இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. அந்த விலக்கு நோட்டன் கடை விலையில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். 2020 நமக்கு அதைக் கற்றுத்தந்திருக்கிறது.

கடைசியாகப் பணம். சோடா வரியாக வசூலாகும் ரூபாய் திரட்டு நிதியத்துக்குள், அதாவது அரசாங்கத்தின் பொதுக் கஜானாவுக்குள், விழுகிறது. அங்கிருந்து அது கடன் வட்டிக்கும் போகலாம், வேறு எதற்கும் போகலாம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017 இல் சோடா வரி கொண்டுவந்தபோது, அந்தப் பணத்தின் பெரும்பகுதி முன்பள்ளிகளுக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. எடுத்த இடத்துக்கே வரி திரும்பி வந்தால், தேய்வுவீத வரிகூட மொத்தத்தில் ஏழைக்கு இலாபமாக முடியலாம். இங்கே நான் கேட்பது பாடசாலைக் காலைச் சாப்பாடு, ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும், ஒவ்வொரு நாளும், முட்டையோடு. அப்போது "துரைக்கும் அதே வரியா?" என்று கேட்ட உங்கள் மாணவிக்கு, 'ஆமாம், துரை கட்டும் வரியில்தான் உனக்கு முட்டை வருகிறது' என்று நீங்கள் பதில் சொல்லலாம்.

அடுத்த சுற்றுக்கு அதையே தலைப்பாகக் கொடுங்கள்: 'சோடா வரிப் பணத்தைப் பாடசாலைச் சாப்பாட்டுக்கென்றே ஒதுக்க வேண்டும்.' நான் ஆதரிக்கும் அணி எது என்று சொல்லிவிட்டேன். ஆனால் இந்த முறை எதிரணிக்குக் கெட்டியான வாதம் ஒன்று இருக்கிறது, அதை அவர்களுக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். வரி நன்றாக வேலைசெய்தால் சனங்கள் சோடாவைக் குறைப்பார்கள். சோடா குறைந்தால் வரிப் பணமும் குறையும். அப்போது பிள்ளைகளின் தட்டில் முட்டை வராமல் போகலாம். ஆதரிக்கும் அணி இதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு வர வேண்டும். என் பதில்: சோடா வரி தொடக்கப் பணமாக இருக்கட்டும், அது குறையும் அளவுக்கு வருமான வரியிலிருந்து நிரப்பட்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். உங்கள் மாணவர்கள் இதைவிட நல்ல பதில் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.